புயல் கட்டிய வைத்தியசாலை

'மாயோ கிளினிக்' என்னும் பெயரைக் கேள்வியுறாத படித்தவர் இன்று அரியர். ஊர் வைத்தியர்கள் கைவிட்ட நோயாளரும், முடிமன்னரும், குடியரசுத் தலைவரும் ஒருங்கே நாடிச் செல்லும் இடம் அஃது. ஐக்கிய அமெரிக்காவின் வடபாகத்தில், மினசோட்டா மாநிலத்தில், றொச்செஸ்டர் என்னும் நகரில் அது அமைந்திருக்கின்றது. நியூயோர்க், சிக்காகோ போன்ற மாநகரங்களை விட்டு, கோதுமை வயல்களுக்கு நடுவே கிடந்த ஒரு சிற்றூரில் இத்தகைய ஸ்தாபனம் முளைத்தது எவ்வாறு என்று வினவுவோர்க்கு, மாயோ சகோதரர் இருவரின் கைத்திறனே காரணம் என்னும் விடை பெரும்பாலும் கிடைக்கும். அவ்விடை பிழையன்று; ஆனால் அது பாதி விடையே. சத்திரவைத்தியன் எத்துணை வல்லவனாயினும், அவன் கத்தியை எடுப்பதற்கு ஒரு மேசை வேண்டும். நோயாளி கிடப்பதற்கு ஒரு கட்டில் வேண்டும். இரவு முழுவதும் விழித்திருந்து பார்ப்பதற்கு ஆள் வேண்டும். இவற்றையெல்லாம் கொடுத்தவர்கள் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகள். அவர்களோ தாதியர் அல்லர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்த ஆசிரியைகள்.

அந்த மற்றப் பாதி விடையைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1883-ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 21-ஆந் திகதி. பகல் முழுவதும் புழுக்கம். மாலையில் வானம் ஒரு விபரீத நிறங் கொண்டது. அவ்வூர் வைத்தியரான டாக்டர் வில்லியம் வொறல் மாயோவின் மைந்தர் இருவர், வில், சார்லி என்போர், கண் சத்திரசிகிச்சை பழகுவதற்காக ஓர் ஆட்டுத் தலை வாங்கிவரக் குதிரை வண்டியிற் புறப்பட்டிருந்தனர். மூத்தவர் அவ்வாண்டுதான் வைத்தியப் பட்டம் பெற்றிருந்தார். இளையவர் பதினெட்டு வயதினர். வானத்தைக் கண்டு வண்டியைத் திருப்பினர். அவர்கள் ஆற்றுப் பாலத்தைக் கடந்த சிறிது நேரத்தில் அப்பாலத்தைக் காற்று பிய்த்தெறிந்தது. 'டொர்னேடோ' என்று அந்நாட்டார் அழைக்கும் சுழற்புயல் ஊரின் வடபாகத்தை வாரிக்கொண்டு போயிற்று. நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் தரைமட்டமாயின. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். காயமுற்றோர் இருநூறு பேர் வரையில்.

ஏறக்குறைய ஐயாயிரம் மக்கள் வாழ்ந்த ஊர் அது. அங்கே சித்தசுவாதீனமற்றவர்களுக்கென அரசாங்கம் நடத்திய வைத்தியசாலை ஒன்று 1879-ஆம் ஆண்டு முதல் இருந்தது. உடல் நோய்க்கு வைத்தியசாலை கிடையாது. ஒன்று வேண்டுமெனில் எண்பது மைல் அளவு தொலைவிலிருந்த செயின்ற் போல் நகருக்குப் போதல் வேண்டும். எலும்பு முறிந்தவரையும் தலை பிளந்தவரையும் அவ்வளவு தூரம் கொண்டுசெல்வது எங்ஙனம்? தங்குவிடுதிகளிலும், வீடுகளிலும், கன்னியர் மடத்திலும், இறுதியில் நடனமாடும் மண்டபமொன்றிலுமாக அவர்களைக் கிடத்தினர். இம் மண்டபத்தின் பொறுப்பு டாக்டர் மாயோவிடம் ஒப்படைக்கப்பட்டது. உதவிக்கு வந்த ஊரவர் நல்லெண்ணம் உடையவர்களே. ஆயினும் ஒருவர் வருவார், ஒருவர் போவார், இரவில் யார் நிற்பார் என்பது எவருக்குந் தெரியாது. ஓர் ஒழுங்கும் இல்லை. டாக்டர் நேரே கன்னியர் மடத்துக்குச் சென்றார். மேற்பார்வைக்குச் சகோதரிமாரை அனுப்பும்படி தலைவியைக் கேட்டார். அவர்கள் வந்தனர்.

அத்தலைவியின் பெயர் அன்னை அல்பிரட். 1828-ஆம் ஆண்டில் லக்சம்பேர்க் நாட்டிற் பிறந்தவர். கத்தரீன் மோஸ் என்பது பூர்வாசிரமப் பெயர். அமெரிக்கப் பழங்குடிப் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டும் எண்ணத்தோடு 1851-இல் உடன்பிறந்தாளோடு கடல் கடந்து வந்தவர். இல்லினோய் மாநிலத்து ஜோலியெட் நகரில் 1865-இல் பிரான்சிஸ்கன் கன்னியர் சபை ஒன்றைத் தொடங்கினார். அங்கே மேற்றிராணியாருக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. மீண்டும் தலைவியாதல் கூடாது எனத் தடை வந்தது. பிறரெனின் ஒரு மூலையில் ஒடுங்கியிருப்பர். இவரோ றொச்செஸ்டருக்கு வந்து பெண்பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை கட்டினார். 1877-இல் தம்மைப் பின்பற்றி வந்த இருபதுக்கு மேற்பட்ட சகோதரிமாருடன் லூர்து அன்னையின் பெயரால் அங்கே புதிய சபையை நிறுவினார். ஒரு பணியைக் கண்ணாற் கண்டால் அதைச் செய்து முடிக்காமல் உறங்காத சுபாவம். அத்தகையோரோடு கூட இருப்பது எளிதன்று என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

புயலின் காயங்கள் ஆறிய பின்னர், அன்னை அல்பிரட் டாக்டர் மாயோவைக் கண்டு, இவ்வூரில் ஒரு வைத்தியசாலை வேண்டும், அதனை நாங்களே கட்டுகின்றோம், நீங்கள் பொறுப்பேற்பீர்களா என்று வினவினார். டாக்டருக்கு மனம் இசையவில்லை. அதற்கு அவர் சொன்ன காரணங்கள் நியாயமானவை. ஊர் சிறிது, செலவோ பெரிது, வருவாய் நிச்சயமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அக்காலத்தில் ஆஸ்பத்திரி என்றாலே சாவதற்குப் போகும் இடம் என்பது மக்கள் எண்ணம். சத்திரசிகிச்சையைக்கூட வீட்டுச் சமையலறை மேசையில் வைத்துச் செய்வித்துக்கொள்ளவே விரும்புவர். அன்னையார் விடவில்லை. எவ்வளவு பணம் வேண்டும் என்று கேட்டார். நாற்பதினாயிரம் டொலர் என்றார் டாக்டர். தலைசுற்றித் திரும்பிப் போய்விடுவார் என்று எண்ணிச் சொன்னாரோ, உண்மையாகவே கணக்கிட்டுத்தான் சொன்னாரோ, நாம் அறியோம். அன்னையார் அத்தொகையை ஒப்புக்கொண்டார்.

அடுத்த நான்காண்டுகள் அச்சபையினர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை எண்ணிப் பார்க்கும்போது, ஆசிரியத் தொழில் செய்வோனாகிய எனக்கு வியப்பும் கூச்சமும் ஒருங்கே தோன்றுகின்றன. பல ஊர்ப் பாடசாலைகளிற் படிப்பித்த சகோதரிமார் தங்கள் சொற்ப வேதனத்தில் மிச்சம் பிடித்தனர். சங்கீதம் கற்பித்தனர். தையலும் பின்னலும் செய்து விற்றனர். உணவையும் உடையையும் குறைத்தனர். சதம் சதமாகச் சேர்ந்த அப்பணத்தைக் கொண்டு 1887-இல் ஊரின் மேற்குப் புறத்தில் ஒன்பது ஏக்கர் நிலம் வாங்கினர். டாக்டரும் மூத்த மகனும் கிழக்கு மாநகரங்களின் வைத்தியசாலைகளைச் சுற்றிப் பார்த்து வந்து கட்டிடத் திட்டம் வகுக்க உதவினர்.

மூன்று மாடிச் செங்கற் கட்டிடம். இருபத்தேழு கட்டில்கள். செயின்ற் மேரிஸ் என்று பெயர். 1889-ஆம் ஆண்டு செப்டெம்பர் 30-ஆந் திகதி, முறையான திறப்பு விழாவுக்கு முதல் நாளே, ஒரு நோயாளியின் கண்ணிலிருந்த புற்றுநோய் அங்கே அறுத்து நீக்கப்பட்டது. கத்தி பிடித்தவர் இருபத்துநான்கு வயதுச் சார்லி. துணை நின்றவர் அண்ணன் வில். மயக்க மருந்து கொடுத்தவர் எழுபது வயதுத் தந்தையார்.

அன்னை அல்பிரட்டோ அப்போது தலைவியாக இல்லை. அவ்வாண்டிலேயே அப்பதவி வேறொருவரிடம் சென்றுவிட்டது. தாம் பாடுபட்டு எழுப்பிய மனையில் அதிகாரமற்ற ஒருவராக அவர் நின்றார். 1899 டிசெம்பரில் செயின்ற் போல் நகரில் அவர் உயிர் நீத்தபொழுது, அவ்வைத்தியசாலை இடம் போதாமல் மேலும் மேலும் விரிந்துகொண்டிருந்தது.

தொடக்க காலம் துன்பமானது. மின்விளக்கு இல்லை, கையில் லாந்தர் எடுத்துத்தான் இரவில் நோயாளர் அறைக்குப் போதல் வேண்டும். தண்ணீரைக் கீழ்த்தளத்தில் இறைத்து மேலே சுமந்தனர். மேலும் கீழும் செல்ல இயந்திரத் தூக்கி இல்லாமையால் நோயாளரைக் கைகளிலேயே ஏந்திப் படியேறினர். படுக்கையில்லாச் சகோதரிமார் தரையிற் படுத்தனர். கோழி கூவுமுன் எழுந்து, செபம் முடித்து, துணி துவைத்து, சமைத்து, பின் நோயாளரிடம் வந்தனர். ஆண் நோயாளரைப் பார்க்கும் இரவுக் காவலை மாயோ சகோதரர் தாமே முறைவைத்து ஏற்றனர் என்றால், வேலைக்கு ஆளில்லாமை எவ்வளவு என்பது விளங்கும்.

அங்கே முறையாகப் பயிற்சி பெற்ற தாதி ஒருத்திதான் இருந்தாள். எடித் கிரகம் என்னும் அப்பெண், சிக்காகோவில் தாதித் தொழில் பயின்று வந்த றொச்செஸ்டர்ப் பெண். மயக்க மருந்து கொடுப்பதும் அவளே, சகோதரிமாருக்குத் தாதிப்பணி கற்பிப்பதும் அவளே. 1893-இல் அவள் டாக்டர் சார்லியை மணந்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்குப் பின் மயக்க மருந்துப் பணியை ஏற்ற அலிஸ் மகோ என்னும் தாதி, பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைகளில் மயக்க மருந்தால் ஓர் உயிரேனும் போகாமற் காத்ததை 1906-இல் எழுதி வெளியிட்டாள். ஈதரையும் குளோரபோமையும் துளி துளியாகத் துணியில் விட்டு, நோயாளியோடு பேசிப் பேசியே அவனை உறங்கவைக்கும் முறை அது. பிற நாட்டுச் சத்திரவைத்தியர்களும் வந்து அதனைப் பார்த்துச் சென்றனர்.

எடித் கிரகமிடம் பாடங்கேட்ட சகோதரிமாருள் ஒருவர்தான் இவ்வரலாற்றின் நடுநாயகம். ஜூலியா டெம்சி என்னும் இயற்பெயரும், சகோதரி மேரி ஜோசப் என்னும் மடப் பெயரும் உடைய அவர் 1856-இற் பிறந்தவர். கென்ரக்கி மாநிலத்தில் ஒரு பள்ளியிற் படிப்பித்துக்கொண்டிருந்தவரை, வைத்தியசாலைக்கு வருமாறு சபை பணித்தது. பாட நூலை வைத்துவிட்டு வந்தார். வந்த புதிதில் ஆண் நோயாளி ஒருவனின் ஆடை நீக்கி டாக்டர் பரிசோதித்தபோது, நாணம் தாங்காமல் அறையின் மூலைச் சுவரை நோக்கித் திரும்பி நடுங்கிக்கொண்டு நின்றாராம். மடத்திற் கட்டுப்பாட்டோடு வளர்ந்த ஒரு பெண்ணுக்கு அந்நிலை எத்தகையது என்பதை நம் வீட்டுப் பெண்கள் நன்கு உணர்வர். ஆனால் அவர் ஓடிப் போகவில்லை. ஆறு வாரத்துக்குள் பிரதம தாதியானார். 1892-இல் வைத்தியசாலையின் அத்தியட்சகர் ஆனார். நாற்பத்தேழு ஆண்டுகள், 1939-இல் இறக்கும் வரை, அப்பொறுப்பை அவரே வகித்தார்.

இது மட்டுமன்று. 1890 முதல் 1915 வரை டாக்டர் வில்லின் முதல் துணையாளராக நின்று சத்திரசிகிச்சை மேசையில் உதவியவரும் அவரே. காலையிற் சத்திரசிகிச்சை, மற்ற நேரத்தில் வைத்தியசாலைக் கணக்கு, சமையல், கட்டிட வேலை, நோயாளரின் முறைப்பாடு. எத்தனையோ பட்டதாரி வைத்தியர்களைத் துணைக்கொண்ட டாக்டர் வில், அவர்கள் எல்லோரிலும் இச்சகோதரியைத் தாழ்த்தி மதித்ததில்லை.

அவருடைய கூரிய பார்வைக்கு வைத்திய நூல்களே சாட்சி. சத்திரசிகிச்சைக்கு முன் நோயாளியின் வயிற்றைக் கழுவித் துடைத்து ஆயத்தஞ் செய்வது தாதியின் வேலை. அவ்வாறு துடைக்கும்போது சிலரின் தொப்புளில் கடினமான ஒரு சிறு முடிச்சு கையிற் படுவதை அவர் கவனித்தார். வயிற்றைத் திறந்து பார்த்தால் அவர்களுக்கெல்லாம் உள்ளே புற்றுநோய் பரவியிருந்தது. இரைப்பையிலோ, குடலிலோ, சூலகத்திலோ தோன்றிய நோய் தொப்புளை வந்தடைந்தமையே அம்முடிச்சு. அறுத்து நீக்கும் கட்டத்தை நோய் கடந்துவிட்டது என்பதற்கு அஃது ஓர் அறிகுறி. வெறும் விரலாற் காணத்தக்க அறிகுறி. டாக்டர் வில் 1928-இல் இதனைப் பற்றி எழுதினார். பின்னர் 1949-இல் இங்கிலாந்துச் சத்திரவைத்தியரான ஹமில்ரன் பெய்லி தமது நூலில் அதற்கு 'சகோதரி மேரி ஜோசப்பின் முடிச்சு' என்று பெயர் சூட்டினார். இன்றும் வைத்திய மாணவர் அப்பெயராலேயே அதனைப் படிக்கின்றனர். வைத்தியக் கல்லூரியின் வாயிலை மாணவியாக மிதியாத ஓர் ஆசிரியையின் பெயர் அது என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவரோ!

இனி, சமயப் பகைமை. அக்கால அமெரிக்காவிற் கத்தோலிக்கரை வெறுத்தல் ஒரு பெரிய இயக்கமாகவே வளர்ந்திருந்தது. மாயோ குடும்பத்தினர் கத்தோலிக்கர் அல்லர். கன்னியாஸ்திரீகளின் கையில் நம் நோயாளரை ஒப்புவிப்பதா என்று புரட்டஸ்தாந்தர் முறுமுறுத்தனர். மதம், நிறம், பொருள் என்னும் வேறுபாடு பாராமல் எவரையும் ஏற்பது என்பதே முதல் நாள் முதல் அவ்வைத்தியசாலையின் விதியாயிருந்தும் பேச்சு ஓயவில்லை. 1892-இல் ஹோமியோபதி வைத்தியர் ஒருவர் அவ்வூரிலேயே போட்டி வைத்தியசாலை ஒன்று திறந்தார். புரட்டஸ்தாந்தரான நீங்கள் அங்கே வருவதன்றோ முறை என்று மாயோக்களை வற்புறுத்தினர். சகோதரிமாரை விட்டு வருவதற்கில்லை என்று அவர்கள் மறுத்துவிட்டனர். போட்டி வைத்தியசாலை 1895-இல் மூடப்பட்டது. என் கணிப்பில், செயின்ற் மேரிஸ் பிழைத்தது அந்த மறுப்பினாலேயே. மாயோக்கள் அன்று சாய்ந்திருந்தால், நாற்பதினாயிரம் டொலரும் நான்காண்டு நோன்பும் மண்ணோடு மண்ணாய்ப் போயிருக்கும்.

இத்துணைக்கும் இரு சாராரிடையே கையெழுத்திட்ட ஒப்பந்தம் எதுவும் கிடையாது. வைத்தியர் வைத்தியம் பார்ப்பர்; சகோதரிமார் வைத்தியசாலையை நடத்துவர். வாய்ச்சொல்லே பத்திரம். அந்த நம்பிக்கையின்மேல் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் கட்டிடத்தின்மேற் கட்டிடம் எழுந்தது. சத்திரசிகிச்சைக்கென்றே 1922-இல் எழுந்த பெருங்கட்டிடத்தோடு கட்டில்கள் அறுநூறாயின. தாதியர் பயிற்சிப் பள்ளி 1906-இல் தொடங்கி 1970 வரை நடந்தது.

1939-ஆம் ஆண்டு ஒரு வியப்பான ஆண்டு. மார்ச் மாதம் 29-ஆந் திகதி சகோதரி ஜோசப் காலமானார். மே மாதத்தில் டாக்டர் சார்லி. ஜூலை மாதத்தில் டாக்டர் வில். ஒரே மேசையைச் சூழ்ந்து நின்ற மூவரும் நான்கு மாதத்துக்குள் ஒருவர் பின் ஒருவராகச் சென்றனர்.

அவர்களுக்குப் பின்னும் பணி தளரவில்லை. 1948-ஆம் ஆண்டு செப்டெம்பர் 21-ஆந் திகதி, மூட்டு வாதத்தால் எழுந்து நடக்க இயலாது அவ்வைத்தியசாலையிற் கிடந்த ஓர் இளம் பெண்ணுக்கு, டாக்டர் பிலிப் ஹென்ச் ஒரு புதிய மருந்தை ஊசி மூலம் ஏற்றினார். 'ஈ' என்னும் எழுத்தால் மட்டுமே அப்போது குறிக்கப்பட்ட பொருள் அது. சில தினங்களில் அப்பெண் எழுந்து நடந்தாள். கோட்டிசோன் என்று உலகம் இன்று அறியும் மருந்து அதுவே. ஹென்ச், அதனைப் பிரித்தெடுத்த எட்வேட் கென்டல், சுவிற்சர்லாந்து அறிஞர் றைக்ஸ்ரைன் ஆகிய மூவரும் 1950-இல் நோபல் பரிசு பெற்றனர். அம்மருந்தின் பக்க விளைவுகள் பின்னரே தெரிந்தன. ஆயினும் இன்று ஈளை நோயினர் முதல் எண்ணற்றோர் அக்குடும்ப மருந்துகளால் மூச்சு விடுகின்றனர்.

காலம் மாறிற்று. துறவு பூணும் பெண்கள் அமெரிக்காவில் அருகினர். வைத்தியமோ கோடிக்கணக்கான டொலர் புரளும் துறையாயிற்று. 1986-இல் செயின்ற் மேரிஸ் மாயோ கிளினிக்கோடு சட்டப்படி இணைந்தது. அந்நகரின் மெதடிஸ்த வைத்தியசாலையும் உடன் இணைந்தது. சகோதரிமாரின் நோக்கம் மறைந்துபோகாதபடி காக்க அப்போதே ஒரு சபையும் ஏற்படுத்தினர். 2014 முதல் இரண்டும் 'மாயோ கிளினிக் வைத்தியசாலை' என்னும் ஒரே பெயரின்கீழ் இயங்குகின்றன. செயின்ற் மேரிஸ் என்பது அதன் வளாகம் ஒன்றின் பெயர். இருபத்தேழு கட்டில் கிடந்த இடத்தில் இன்று ஆயிரத்துக்கு மேல்.

அவ்வைத்தியசாலையை நிருவகித்த கடைசிக் கன்னியாஸ்திரீ, சகோதரி ஜெனரோஸ் ஜேர்வே என்பவர். 1919-இல் கமக்காரர் குடும்பமொன்றிற் பிறந்த அவர், 1971 முதல் 1981 வரை நிருவாகியாய் இருந்தார். பதவி நீங்கிய பின்பு, பணமில்லாது வரும் நோயாளர் கடனாளியாய்த் திரும்புவதைக் கண்டு பொறாராய், 1983-இல் அவர்களுக்கென ஓர் உதவி நிதியைத் தொடங்கினார். அதற்குப் பணஞ் சேர்ப்பதற்குப் பழங்களை வாங்கித் தம் கையாலேயே பழப்பாகு காய்ச்சினார், ஊறுகாய் போட்டார், போத்தல்களில் அடைத்து ஆண்டுதோறும் விற்றார். 2016 ஒக்டோபர் 7-ஆந் திகதி, தமது தொண்ணூற்றேழாவது வயதில் அவர் காலமானார். அந்நிதி இன்னும் நடைபெறுகின்றது.